ஏழாவது நிமிடத்தில் மணி

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நடக்கும் மின்னல் உரைகளைப் பற்றிப் போனில் சொன்னபோது நீங்கள் கேட்டீர்கள்: "ஏந் தம்பி, ஏழு நிமிசத்துல என்னத்தப் பேசறது? மேடையில இருக்கறவங்களுக்கு வணக்கஞ் சொல்லவே பத்து நிமிசம் ஆகுமே!" நியாயமான கேள்வி. கல்லூரி நூலகராக இத்தனை காலம் கருத்தரங்குகளில் உட்கார்ந்து எழுந்தவர் நீங்கள். குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் முடிந்து பேச்சாளர் வாயைத் திறக்கும்போது மதியச் சாப்பாட்டு வாசனை வந்துவிடும். போனில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நான் இருக்கும் மிச்சிகனில் இப்சிலாண்டி என்றொரு சிறிய ஊர். அங்குள்ள கிழக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1971இல் கல்லூரி நூலகர்கள் கூடினார்கள். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நூலகத்தை எப்படிப் பழக்கிவிடுவது என்பதுதான் பேச்சு. ஆளாளுக்குத் தயாரித்த கையேடுகளையும் பயிற்சித் தாள்களையும் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ள ஓர் இடம் வேண்டுமென்று தோன்றி, லோஎக்ஸ் என்ற அமைப்பு பிறந்தது. அதன் மாநாடு இன்றும் நடக்கிறது. புத்தகம் வாங்குவது, அடுக்குவது, கறையான் விரட்டுவது பற்றியெல்லாம் அங்கே பேச்சில்லை. வகுப்பெடுக்கும் நூலகர்களுக்கான கூட்டம் அது. அங்குதான் ஐந்து நிமிடம், மிஞ்சினால் ஏழு நிமிடம் பேசிவிட்டு இறங்கும் மின்னல் உரைகள். ஒருவர் இறங்க அடுத்தவர் ஏறுவார். கேள்வி கேட்பதெல்லாம் பிறகு காபிக் கோப்பையோடு வராந்தாவில்.

இந்த வழக்கம் நூலகர்கள் கண்டுபிடித்ததல்ல. கணினி நிரல் எழுதுகிறவர்களின் கூட்டங்களிலிருந்து வந்தது. இதற்கு உறவுக்காரன் ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கிய போட்டி: முனைவர் பட்ட மாணவர் தன் ஆய்வு முழுவதையும் மூன்று நிமிடத்தில், ஒரே ஒரு ஸ்லைடை வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். அங்கே அப்போது கடும் வறட்சி. குளியலறைச் சுவரில் மூன்று நிமிட மணற்கடிகாரத்தை மாட்டிவைத்து, மணல் தீர்வதற்குள் குளித்து முடித்தார்களாம். போட்டிக்கான யோசனை அதிலிருந்து வந்தது. சிறுவாணித் தண்ணீர் எப்போது வரும் என்று குடத்தோடு காத்திருந்த நமக்கு இது சட்டென்று புரியும்.

வகுப்பெடுக்கும் நூலகருக்கு ஏழு நிமிடம் எதற்கு என்கிறீர்களா? இங்கே அவருக்கு ஒரு பாடத்துக்கு, ஒரு பருவத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு வகுப்புதான் கிடைக்கும். பேராசிரியர் வெளியூர் போகும் நாளாகப் பார்த்துத் தருவதும் உண்டு. அந்த ஒரு மணிக்குள் தேடுவது, நம்பத்தக்கதைப் பிரித்தறிவது, மேற்கோள் காட்டுவது எல்லாம் சொல்லியாக வேண்டும். அமெரிக்கக் கல்லூரி, ஆய்வு நூலகங்களின் சங்கமே 2000இல் வகுத்த நீண்ட தர அளவுகோல்களைக் கைவிட்டு, பின்னால் ஆறு கருத்துகளுக்குள் சுருக்கிக்கொண்டது. அந்த ஆறையும் ஒரு மணியில் நடத்தியவர் எவரையும் நான் பார்த்ததில்லை. எதை விடுவது என்பதுதான் இவர்களின் அன்றாடத் தொழில். அதனாலேயே இவர்கள் பேசும் ஏழு நிமிடத்தில் சதைப்பற்று இருக்கிறது.

நான் கேட்டதில் ஒன்றைச் சொல்கிறேன். ஓர் அம்மா மேடையேறினார். தன் பெயரைக்கூடச் சொல்லவில்லை. அது திரையில் இருந்தது. செயற்கை நுண்ணறிவுச் செயலி தந்த நான்கு மேற்கோள்களை மாணவர்களிடம் கொடுத்து, இவற்றைத் தேடி எடுங்கள் என்றாராம். ஆய்விதழ் உண்மை, ஆசிரியர் உண்மை, கட்டுரை மட்டும் உலகத்திலேயே இல்லை. பிள்ளைகள் அரைமணி தேடிக் களைத்த பிறகு அவர் வகுப்பைத் தொடங்கினாராம். மேடையில் அவர் சொன்னது இவ்வளவுதான். நானும் அடுத்த வாரமே அதை என் வகுப்பில் செய்து பார்த்தேன்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் வித்தை என்று நினைத்துவிடாதீர்கள். எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகும் முன் கணக்கு வாத்தியார். நம் கோயம்புத்தூர் அரசு கல்லூரியிலும் கொஞ்ச காலம் பாடம் நடத்தியவர். இப்சிலாண்டிக் கூட்டத்துக்கு வெகு காலம் முன்பே, புதிதாகச் சேரும் மாணவரை நூலகத்துக்குள் பழக்கிவிடுவதை நூலகரின் தனிப் பணியாக வகுத்து எழுதினார். அவருடைய ஐந்து விதிகள் பிறந்த கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். நூலகத் தொழிலுக்கு அடிப்படை எது என்று 1928இல் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தார். அவருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த சென்னை கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் எட்வர்ட் ராஸ், புத்தகம் பயன்பாட்டுக்குத்தான் என்பதே உன் முதல் விதி என்று போகிறபோக்கில் எடுத்துக் கொடுத்தார். மற்ற நான்கும் தொடர்ந்து வந்துவிட்டன. அதே ஆண்டு டிசம்பரில் சிதம்பரம் மீனாட்சி கல்லூரியில் நடந்த கல்வி மாநாட்டில் ஐந்தையும் சபையறியச் சொன்னார், 1931இல் புத்தகமானது. வாசகரின் நேரத்தை வீணாக்காதே என்பது நான்காவது விதி. அவர் பெயரில் நாள்முழுக்கக் கருத்தரங்கு நடத்தி அந்த விதியையே மீறுகிறோமே, என்ன சொல்ல!

இன்னொருவர் நம் திருப்பூர்க்காரர், தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார். அவர் சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தபோதுதான் 1948இல் பொது நூலகச் சட்டம் வந்தது. அதற்குப் பின்னாலும் ரங்கநாதனின் உழைப்பு இருந்தது. வீட்டு வரியோடு நாம் கட்டும் நூலக வரிக்கு வேர் அங்கே. ஊர் நூலகத்துக்குச் சட்டம் செய்தவரின் மண்ணில், கல்லூரி நூலகருக்கு ஏழு நிமிடம் கிடைக்காமல் போவது எனக்கு உறுத்துகிறது.

நம்மாட்களுக்குச் சுருங்கப் பேச வராது என்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தியூர் மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்தே ஒரு ஜோடி காளைக்கு விலை முடிப்பவர்கள் அக்கா நாம். மைக் முன்னால்தான் வளவளவென்று போகிறோம்.

என்ன பேசுவது என்று நீங்கள் யோசிக்கவே வேண்டாம். போனில் என்னிடம் புலம்புவதே போதும். "பர்சன்டேஜைக் குறைச்சுக் குடுங்க மேடம்" என்று ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார்களே, அது ஓர் உரை. யுஜிசியின் 2018 விதிப்படி பிறர் எழுத்தோடு பத்து சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனையில்லை என்பதைப் பிடித்துக்கொண்டு, சொல்லை மாற்றினால் போதும் என்று நினைக்கும் பிள்ளையிடம் என்ன சொல்கிறீர்கள்? எந்த ஆய்விதழ் நம்பத்தக்கது என்று பார்க்க இருந்த யுஜிசி கேர் பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டுவிட்டது. இனி அதை எப்படிக் கற்றுக்கொடுப்பது? அது இன்னோர் உரை. முனைவர் பட்டத்துக்குக் கட்டாயமான ஆய்வு நெறிமுறைப் பாடத்தின் முப்பது மணி நேரத்தில் உங்களுக்கு எவ்வளவு விடுகிறார்கள் என்பது மூன்றாவது. அதைச் சொல்லும்போது கொஞ்சம் கோபமாகவே சொல்லுங்கள்.

செய்முறை பெரிதாக ஒன்றுமில்லை. கல்லூரி வரலாறு வேண்டாம், எத்தனை லட்சம் நூல்கள் என்ற கணக்கு வேண்டாம். ஒரே விஷயம். வெற்றி மட்டுமல்ல, எது வேலைக்காகவில்லை என்பதும் வரட்டும். கேட்கிறவர் ஊருக்குப் போய்ச் செய்துபார்க்க ஏதாவது ஒன்று கையில் இருக்கட்டும். வீட்டில் உரக்கப் பேசிக் கடிகாரம் பாருங்கள். நிமிடத்துக்கு நூறு சொல் என்று வைத்தால், இந்த மடலைப் படிக்கவே கிட்டத்தட்ட ஏழு நிமிடம் ஆகும், எனக்கே மணியடிக்கும் நேரம்தான்.

ஆகஸ்ட் 12 நூலகர் தினத்துக்கு எப்படியும் ஒரு கூட்டம் போடுவீர்கள். அதில் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். பெருந்துறை, பொள்ளாச்சி, கோபி, திருப்பூர் என்று ஏழு கல்லூரியிலிருந்து ஏழு பேர். மூத்தவர்களை மட்டும் கூப்பிடாமல், ஒப்பந்தச் சம்பளத்தில் கவுண்டரில் நிற்கிற பிள்ளைகளையும் ஏற்றுங்கள். மாணவர்கள் முதலில் கேட்பது அவர்களிடம்தான். மணியை மட்டும் துறைத் தலைவர் யார் கையிலும் கொடுத்துவிடாதீர்கள், தாட்சண்யம் பார்த்து அடிக்கவே மாட்டார்கள். முதலாமாண்டுப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி