ஓர் உறையில் இரு கத்திகள்

"ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்க முடியுமா?" என்று நம் பாட்டிமார் கேட்பதுண்டு. இரண்டு மருமகள்கள் சேர்ந்து சமைக்கும் வீடுகளில் இந்தப் பழமொழி நாள்தோறும் ஒலிக்கும். கூடைப்பந்து மைதானத்திற்கும் இது பொருந்துமா என்ற கேள்விக்கு இந்த ஆண்டு நான் விடை தேட வேண்டியதாயிற்று. அப்போது நான் கற்றதை அன்புத் தோழியரோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கூடைப்பந்து பற்றி அறியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். ஓர் அணிக்கு ஐந்து பேர். அவர்களில் ஒருத்தி பந்தைத் தட்டிக்கொண்டு எதிரணியின் பக்கம் கொண்டுசெல்வாள். யாருக்குக் கொடுப்பது, எப்போது கூடையை நோக்கி எறிவது என்று முடிவு செய்பவளும் பெரும்பாலும் அவளே. அவளைப் 'பாயிண்ட் கார்டு' என்பார்கள். பேருந்துக்கு ஓட்டுநர் எப்படியோ, அணிக்கு அவள் அப்படி. பந்து கைக்கு வந்த 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்துவிட வேண்டும் என்பது விதி. அந்த 24 விநாடிக்கு ஓர் ஓட்டுநர் போதும். இருவர் ஏறிக்கொண்டால் வண்டி என்னவாகும்?

எங்கள் பள்ளி அணியில் எட்டாம் வகுப்பிலிருந்து நான்தான் பாயிண்ட் கார்டு. என் சட்டை எண் 11. ஒன்பதாம் வகுப்பில் கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்த கையோடு எனக்கு மஞ்சள் காமாலை கண்டது. மூன்று மாதம் கீழாநெல்லியும் மோரும் கஞ்சியும்தான் உணவு. ஆண்டுத் தேர்வுக்கு மட்டும் அப்பா ஸ்கூட்டரில் அழைத்து வந்தார். அந்த மூன்று மாதமும் என் இடத்தில் ஆடியவள் 7ஆம் எண் சட்டைக்காரி. அவள் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதாவிட்டால் மட்டும் உங்களுக்குத் தெரியாதா என்ன!

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஆவலோடு மைதானத்திற்கு ஓடினேன். அங்கே 7ஆம் எண் இரண்டு கைகளாலும் பந்தை மாற்றி மாற்றித் தட்டி, மூன்று பேரைத் தாண்டிப் போய்க் கூடையில் போட்டாள். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஆனால் என் மனம் தட்டவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஜூலையில் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு ஒரு பயிற்சி ஆட்டம். எங்கள் பி.டி. டீச்சர் இருவரையும் ஒன்றாக இறக்கினார். எங்கள் அணிக்குப் பந்து கிடைத்தவுடன் இரண்டு கைகள் உயரும். "இங்கே, இங்கே!" என்று இரண்டு குரல்கள் எழும். அவளிடம் பந்து இருந்தால் நான் இடுப்பில் கைவைத்து நின்றுவிடுவேன். என்னிடம் இருந்தால் அவள் நிற்பாள். நிற்பவளை விட்டுவிட்டு எதிரணியில் இருவர் சேர்ந்து ஆடுபவளை மடக்கிவிடுவார்கள். ஒருமுறை ஒரே பந்துக்கு இருவரும் பாய்ந்து முட்டிக்கொண்டோம். பந்து உருண்டு கோட்டுக்கு வெளியே போயிற்று. 31க்கு 19 என்று தோற்றோம். தண்ணீர்க் குழாயருகே அவள், "பந்து என்ன உன் தாத்தா வீட்டுச் சொத்தா?" என்று கேட்டாள். நானும் சும்மா இருக்கவில்லை. அதன்பின் இரண்டு வாரம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

டீச்சர் திட்டவில்லை. ஒரு சனிக்கிழமை இருவரையும் மாடிப்படியில் உட்கார வைத்தார். அந்த ஆட்டத்தை ஒரு மாணவியின் தந்தை கைப்பேசியில் பிடித்து வைத்திருந்தார். அதை எங்கள் முன் வைத்து, ஒரு நோட்டையும் பென்சிலையும் கொடுத்தார். "உங்களை நீங்கள் பார்க்க வேண்டாம். மற்ற மூவரையும் பாருங்கள். பந்து அவர்கள் கைக்கு எத்தனை முறை போகிறது என்று கோடு போடுங்கள்" என்றார்.

முதல் பத்து நிமிடத்தில் எங்கள் அணியின் உயரமான பெண்ணான 4ஆம் எண்ணின் கைக்குப் பந்து போனது இரண்டே முறை. அதில் ஒன்று, வெளியே போன பந்தை உள்ளே எறிந்தது. காலைப் பயிற்சிக்காக அவள் தன் கிராமத்திலிருந்து ஐந்தரை மணி டவுன் பஸ் பிடித்து வருகிறவள். பத்து நிமிடமும் கூடைக்கடியில் ஓடி ஓடி நின்று, கையை நீட்டி, பிறகு மெல்ல இறக்கிக்கொண்டிருந்தாள். ஆடும்போது அதை நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. 7ஆம் எண்ணும் பார்க்கவில்லை. எங்கள் இருவரில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று சண்டையிட்டோம். பங்கே கிடைக்காத மூன்று பேர் எங்களோடு ஆடிக்கொண்டிருந்தார்கள்! பென்சிலை வைத்திருந்த என் கை கூசியது.

பிறகு டீச்சர் தம் கைப்பேசியில் வேறொரு அணியைக் காட்டினார். அது அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் மகளிர் அணி. 1842இல் திருச்சிலுவை சபைக் குருவான எட்வர்ட் சோரின் நிறுவிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் அது. பிரெஞ்சு மொழியில் அப்பெயருக்கு 'நம் அன்னை' என்று பொருள். அங்கே இளநிலைப் படிப்பில் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியதே 1972இல்தான். ஆயினும் 2001இலும் 2018இலும் அமெரிக்கக் கல்லூரி மகளிர் கூடைப்பந்துப் பட்டத்தை அந்த அணி வென்றிருக்கிறது. 2018இன் இறுதி ஆட்டம் நடந்தது ஈஸ்டர் ஞாயிறன்று!

அந்த அணியின் பாயிண்ட் கார்டு ஒலிவியா மைல்ஸ். எந்தப் பக்கம் பார்க்கிறாரோ அந்தப் பக்கம் கொடுக்காமல், எதிர்பாராத இடத்திற்குப் பந்தை அனுப்புவதில் வல்லவர். 2023 பிப்ரவரியில் அவருக்கு முழங்காலில் காயம் பட்டது. அடுத்த பருவம் முழுவதும் அவரால் ஆட முடியவில்லை. அந்த 2023-24 பருவத்தில் புதிதாகச் சேர்ந்தவர் ஹன்னா ஹிடால்கோ. உயரம் குறைவு, வேகமோ மின்னல். எதிரணியின் கையிலிருந்து பந்தைத் தட்டிப் பறிப்பதில் அவருக்கு நிகர் சிலரே. முதல் ஆண்டிலேயே ஆட்டத்திற்குச் சராசரியாக 20 புள்ளிகளுக்கு மேல் எடுத்தார். 2024 நவம்பரில் மைல்ஸ் திரும்பி வந்தார். பந்து இனி யார் கையில்? இதைக் கேட்டதும் நானும் 7ஆம் எண்ணும் இரண்டு வாரத்திற்குப் பின் முதல்முறையாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அந்த நவம்பர் மாத இறுதியில் அவர்கள் அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்களில் தோற்றார்கள். அதன்பின் தொடர்ந்து 19 ஆட்டங்களில் வென்றார்கள். டிசம்பரில் புகழ்பெற்ற கனெக்டிகட் அணியை 79க்கு 68 என்று வீழ்த்தினார்கள். 2025 பிப்ரவரியில் நாட்டின் முதல் இடத்துக்கே வந்தார்கள். அவர்களின் பயிற்சியாளர் நியேல் ஐவி 2001இல் பட்டம் வென்ற அணியில் பாயிண்ட் கார்டாக ஆடியவர். பந்தின் மீதுள்ள ஆசை அவருக்குத் தெரியாததா?

"எப்படி முடிந்தது என்று பாருங்கள்" என்று டீச்சர் ஒரே காட்சியை மூன்று முறை ஓட்டினார். கூடையில் பட்டுத் திரும்பும் பந்து இருவரில் யார் கைக்கு வருகிறதோ, அவரே அதைக் கொண்டுபோகிறார். மற்றவர் கையை நீட்டிக் கேட்பதில்லை. அந்தக் கணமே முன்னால் ஓடிப்போய் மைதானத்தின் ஓரத்தில் நிற்கிறார். மைல்ஸிடம் இன்னொரு மாற்றமும் இருந்தது. காயத்திற்கு முன் அவர் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தால் ஏறக்குறைய நான்கில் ஒன்றுதான் விழும். திரும்பி வந்த பருவத்தில் ஐந்தில் இரண்டு விழுந்தது. ஆகவே ஹிடால்கோ பந்தோடு போகும்போது மைல்ஸைக் காவல் காப்பவள் அவரை விட்டு நகர முடியாது. நகர்ந்தால் மூன்று புள்ளி போய்விடும். அதனால் ஹிடால்கோவுக்கு வழி திறக்கிறது. கையில் பந்து இல்லாமலே மைல்ஸ் தோழிக்கு உதவுகிறார்! சோனியா சிட்ரான் என்ற மூன்றாமவரும் அங்கே இருந்தார். மற்ற இருவரைப் போல் பந்தை அதிகம் வைத்துக்கொள்ளாமல், காவல் காத்தும், கிடைத்த வாய்ப்பில் தவறாமல் எறிந்தும் ஆடினார். 2025 ஏப்ரலில் தொழில்முறை மகளிர் அணிகள் கல்லூரி வீராங்கனைகளைத் தேர்ந்தெடுத்தபோது மூன்றாவதாக எடுக்கப்பட்டவர் அவர்தான்.

இன்னொரு செய்தியும் டீச்சர் சொன்னார். கூடைப்பந்தை 1891இல் ஜேம்ஸ் நைஸ்மித் கண்டுபிடித்தார். மறு ஆண்டே அதை ஸ்மித் கல்லூரி மாணவியருக்குக் கற்பித்தவர் செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை. அவர் பெண்களுக்கென வகுத்த விதிகளில் ஒன்று: எவளும் பந்தை மூன்று முறைக்கு மேல் தட்டக் கூடாது, மூன்று விநாடிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. "அந்த விதி இன்று இல்லை. அதை இனி உங்கள் மனமே போட்டுக்கொள்ள வேண்டும்" என்றார் டீச்சர்.

கதை இனிமையாக முடியும் என்று எதிர்பார்த்தோம். ஆனால் 2025 மார்ச் 29ஆம் தேதி டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழக அணியிடம் 71க்கு 62 என்று நோட்டர் டேம் தோற்று வெளியேறியது. அந்தப் பருவத்தில் 28 வெற்றி, 6 தோல்வி. அதன்பின் மைல்ஸ் நோட்டர் டேமை விட்டு வேறு அணியில் சேர்ந்தார். எந்த அணி தெரியுமா? தங்களைத் தோற்கடித்த அதே அணி! "இது துரோகம், டீச்சர்!" என்றேன் நான். "அவர் மனதில் என்ன இருந்ததென்று உனக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. பிறகு பிரிந்ததனால், சேர்ந்து வென்ற ஆட்டங்கள் இல்லையென்று ஆகிவிடுமா?" என்று கேட்டார் டீச்சர். எனக்கு அப்போது பதில் தெரியவில்லை.

மறுநாள் முதல் எங்களுக்கு மூன்று கட்டளைகள். முதலாவது, பந்து முதலில் யார் கைக்கு வருகிறதோ அவளே கொண்டுபோக வேண்டும். மற்றவள் கேட்காமல் ஓட வேண்டும். இரண்டாவது, ஒருத்தி ஓய்வெடுக்கும்போது மற்றவள் கட்டாயம் களத்தில் இருக்க வேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு முறையும் எறிவதற்கு முன் 4ஆம் எண் எங்கே நிற்கிறாள் என்று பார்க்க வேண்டும். கேட்பதற்கு எளிது. பந்தில்லாமல் ஓடுவது எவ்வளவு கசப்பு என்பதை நான் முதல் வாரத்தில் அறிந்தேன். கீழாநெல்லிச் சாறே மேல்! ஆனால் நான் ஓரமாக ஓடிய ஒவ்வொரு முறையும் 7ஆம் எண்ணுக்கு வழி கிடைப்பதைக் கண்டேன். ஒருநாள் அவள் திரும்பி என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள். நாங்கள் மறுபடி பேச ஆரம்பித்தது அன்றுதான்.

ஆகஸ்டில் குறுவட்டப் போட்டி. அரையிறுதியில், ஜூலையில் எங்களைத் தோற்கடித்த அதே பள்ளியை வென்றோம். இறுதி ஆட்டத்தில் 38க்கு 37 என்று ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். கடைசி எட்டு விநாடி. பந்து என் கையில். எனக்கு முன் இருவர். முன்பிருந்த நான் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எறிந்திருப்பேன். 7ஆம் எண் ஓரத்தில் ஓடித் தன்னோடு ஒருத்தியை இழுத்துக்கொண்டு போனாள். கூடைக்கடியில் 4ஆம் எண் தனியாகக் கையை நீட்டி நின்றாள். கொடுத்தேன். எறிந்தாள். பந்து வளையத்தின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி வெளியே விழுந்தது.

தோற்றோம். 4ஆம் எண் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நான் அவளிடம் போவதற்குள் 7ஆம் எண் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். பின் என் பக்கம் திரும்பி, "சரியான பாஸ். நானாக இருந்தாலும் அவளுக்குத்தான் கொடுத்திருப்பேன்" என்றாள். கோப்பை பெற்ற பிள்ளைகளைப் பார்த்து அன்று எனக்குப் பொறாமை வரவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்தச் சொல்லுக்காக ஒரு கோப்பையை விட்டுக்கொடுக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

இப்போது இதை ஏன் எழுதுகிறேன் என்று சொல்ல வேண்டும். 7ஆம் எண்ணின் அப்பாவுக்கு மாற்றல் வந்திருக்கிறது. பொதுத் தேர்வு முடிந்ததும் அவள் வேறு ஊருக்குப் போகிறாள். அங்கே உள்ள பள்ளி அணியில் சேர்வாள். ஒருநாள் எங்களுக்கு எதிராகவே ஆடினாலும் ஆடுவாள். ஜூலையில் நான் ஆசைப்பட்டது அப்படியே கிடைக்கப் போகிறது. பந்து முழுவதும் என் கையில்! ஆனால் அதை நினைத்தால் மகிழ்ச்சி வரவில்லை. டீச்சர் அன்று கேட்ட கேள்விக்கும் எனக்கு இப்போது பதில் தெரியும்.

ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாது என்பது கத்திகளுக்குச் சரி. மனிதர்கள் கத்திகள் அல்லவே! எட்டாம் வகுப்பில் ஒரு சிறுமி மாலை வேளைகளில் சுவரோரம் தனியாகப் பந்து தட்டிப் பழகுகிறாள். நல்ல வேகம். பதினோராம் வகுப்பிலும் நான் இங்கேதான் படிக்கப் போகிறேன். அடுத்த ஆண்டு அவள் அணிக்கு வருவாள். பந்து தட்ட அவளுக்கு நான் கற்றுத்தர வேண்டியதில்லை. பந்தில்லாமல் ஓடக் கற்றுத்தருவேன். அவளோடு நானும் ஓடுவேன்.

— 11ஆம் எண், பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு