ஒரு கிலோமீட்டர் உலகம்

பிரான்சு நாட்டின் நடுமலைப் பகுதியில் தோன்றி, மேற்கு நோக்கிப் போர்தோ நகரத்துப் பக்கமாகப் பாய்ந்து செல்லும் ஆறு தொர்தோன். அது வளைந்து வளைந்து ஓடும் மாவட்டத்திற்கும் அதுவே பெயர், பழம்பெயர் பெரிகோர். சுண்ணாம்புப் பாறைகளின் உச்சியில் பழைய கோட்டைகள், பாறையடியில் தேன்நிறக் கல்லால் கட்டிய வீடுகள், ஊரைச் சுற்றிலும் அக்ரூட் தோப்புகளும் வாத்துப் பண்ணைகளும், தெற்கே பெர்ஜெராக் திராட்சைத் தோட்டங்கள் என விரியும் நாட்டுப்புறம் அது.

இந்த மாவட்டத்துச் சந்தைகளில் பிரெஞ்சு மொழிக்கு அடுத்தபடியாக அடிக்கடி காதில் விழுவது ஆங்கிலம். இதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. 1152ஆம் ஆண்டில் அக்கித்தேன் நாட்டு இளவரசி எலியனோர், ஹென்றி என்பவரை மணந்தார். இரண்டே ஆண்டுகளில் அந்த ஹென்றி இங்கிலாந்தின் அரசரானார். அன்று முதல் முந்நூறு ஆண்டுகள் இம்மண்ணுக்காக இரு நாடுகளும் மோதின. மோன்பசியே என்னும் அழகிய சிற்றூரை 1284இல் நிறுவியவரே ஆங்கில மன்னர் முதலாம் எட்வர்டுதான். 1453இல் தொர்தோன் ஆற்றங்கரையில், கஸ்தியோன் போர்க்களத்தில் ஆங்கிலேயர் தோற்றனர். நூற்றாண்டுப் போரும் முடிவுற்றது.

வாளேந்தி வந்து தோற்றுப் போனவர்களின் வழித்தோன்றல்கள், ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின்னர் ஓய்வூதியத்தோடு திரும்பி வந்தார்கள்! பிரெஞ்சு இளைஞர்கள் வேலை தேடி நகரங்களுக்குச் சென்றுவிட, கிராமத்துக் கல்வீடுகள் பாழடைந்து கிடந்தன. அவற்றைக் குறைந்த விலைக்கு வாங்கிக் கூரை வேய்ந்து குடியேறினர் பிரித்தானியர். பெர்ஜெராக் விமான நிலையத்திற்குக் குறைந்த கட்டண விமானங்கள் வரத் தொடங்கியதும் வருகை பெருகிற்று. பிரான்சு முழுவதிலும் ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் பிரித்தானியர் வாழ்வதாகக் கணக்கிடப்பட்டிருந்தது. ‘தொர்தோன்ஷயர்’ என்று, இங்கிலாந்தின் மாவட்டப் பெயர் போலவே இவ்விடத்தைக் கேலியாக அழைப்பார்கள்.

குடியேறியவர்கள் எல்லாரும் ஒரே வகையினர் அல்லர். பிரெஞ்சு மொழி கற்று, ஊர்ப் பாடகர் குழுவில் சேர்ந்து, ஊர்மன்ற உறுப்பினராகவும் ஆனவர்கள் ஒரு வகை. ஆங்கில நண்பர்கள், ஆங்கிலத் தொலைக்காட்சி, ஆங்கிலத் தேநீர் என்று வாழ்ந்து, அயலாரிடம் ‘போன்ழூர்’ என்னும் வணக்கத்தைத் தாண்டாதவர்கள் இன்னொரு வகை. இவ்விரு வகையினரையும் ஒரே தராசில் நிறுத்த 2020ஆம் ஆண்டில் கொரோனா பெருந்தொற்று வந்தது.

கையெழுத்திட்ட தாள்

2020 மார்ச் 17ஆம் நாள் நண்பகல் முதல் பிரான்சு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. வாசற்படி தாண்ட வேண்டுமாயின் கையில் ஒரு தாள் இருந்தாக வேண்டும். பெயர், பிறந்த நாள், முகவரி, வெளியே செல்லும் காரணம் ஆகியவற்றைத் தாமே எழுதிக் கையொப்பமிட வேண்டும். அச்சிடும் கருவி இல்லாதவர்கள் முழு வாசகத்தையும் கையால் படியெடுத்துக்கொள்ளலாம். தாள் இல்லாமல் காவலரிடம் அகப்பட்டால் 135 யூரோ தண்டம். மார்ச் 24 முதல் விதி மேலும் இறுகியது. காலாற நடப்பதற்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம். வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்.

இத்தகைய ஓர் இல்லத்தை நாம் மனக்கண்முன் நிறுத்திப் பார்ப்போம். எழுபது வயதைக் கடந்த ஆங்கிலேயத் தம்பதியர். ஆறேழு வீடுகளே உள்ள ஒரு குக்கிராமம். இதுவரை அவர்களுடைய உலகம் மிகப் பெரியது. நினைத்தபோது விமானமேறி மறுநாள் மகள் வீட்டில் உணவருந்தலாம். இப்போதோ அவ்வுலகம் ஒரு கிலோமீட்டராகச் சுருங்கிவிட்டது. அந்த வட்டத்திற்குள் கடை கிடையாது, திரையரங்கு கிடையாது, வேறோர் ஆங்கிலக் குடும்பமும் கிடையாது. இருப்பவை ஒரு பழைய துணி துவைக்கும் துறை, பாதையோரத்தில் ஒரு கற்சிலுவை, அக்ரூட் தோப்பு, அண்டை வீட்டு முதிய உழவர் ஆகியவையே. காரில் விரைந்தபோது கண்ணில் படாத இவை, கால்நடையாகச் செல்லும்போது ஒவ்வொன்றாகப் பெயர் பெறுகின்றன. அவ்வாண்டு ஏப்ரல் மாதம் வழக்கத்தைவிட வெப்பமும் வெயிலும் மிகுந்ததாக அமைந்தது. தோட்ட வேலியின் இரு பக்கங்களிலும் நின்று, போதிய இடைவெளி விட்டு, இரண்டு முதியவர்கள் உருளைக்கிழங்கு நடும் பருவத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அதற்கு அதிக இலக்கணம் தேவையில்லை அன்றோ?

ரொட்டிக்கடைகள் மூடப்படவில்லை. அன்றாட ரொட்டி வாங்கச் செல்வது முறையான காரணமாகவே ஏற்கப்பட்டது. ஆனால் வாரச் சந்தைகள் மார்ச் 24 முதல் தடை செய்யப்பட்டன. மாவட்ட ஆட்சித் தலைவர் தனி அனுமதி தந்த இடங்களில் மட்டும் நடந்தன. பிரெஞ்சுக் கிராமத்திற்குச் சந்தை என்பது வெறும் கடைவீதி அன்று. வெளிநாட்டவர் ஊராரோடு கலக்கும் இடமும் அதுவே. சந்தை நின்ற இடங்களில் விளைபொருளை விற்க உழவர்கள் தொலைபேசியிலே கேட்பு வாங்கி, பண்ணை வாசலில் பெட்டிகளை வைத்தனர். அயல்நாட்டு முதியவர்களுக்கு இது ஒரு புதுச் சோதனை. சந்தையில் விரலால் சுட்டிக்காட்டி எதையும் வாங்கிவிடலாம். தொலைபேசியில் விரலுக்கு வேலை ஏது? பதினைந்து ஆண்டுகள் தள்ளிப் போட்ட மொழிப்பாடத்தை ஒரு கூடைக் காய்கறிக்காகக் கற்க வேண்டியதாயிற்று.

ஊர்மன்றத்து அழைப்பு

பிரான்சில் ஏறக்குறைய 35,000 ஊர்மன்றங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை ஆயிரம் பேருக்கும் குறைவான மக்களைக் கொண்ட சிற்றூர்களுக்கு உரியவை. மேயர் என்பவர் எங்கோ மாளிகையில் இருப்பவர் அல்லர். பக்கத்துத் தெருவில் வாழும் உழவராகவோ ஓய்வுபெற்ற ஆசிரியராகவோ இருப்பார்.

இம்மன்றங்களில் ஒரு பதிவேடு உண்டு. 2003ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வீசிய கடும் வெப்ப அலையில் அந்நாட்டில் ஏறக்குறைய 15,000 பேர் மாண்டனர். இறந்தவர்களுள் மிகப் பலர் முதியோர், தனித்து வாழ்ந்தவர்கள். கதவைத் தட்டிப் பார்க்க ஆளில்லாமல் இத்தனை பேர் இறந்தார்களே என்று நாடே வெட்கித் தலைகுனிந்தது. அதன் விளைவாக 2004இல் ஒரு சட்டம் பிறந்தது. ஒவ்வோர் ஊர்மன்றமும் தன் எல்லைக்குள் வாழும் முதியோர், உடல் ஊனமுற்றோர் ஆகியோரில் விரும்புவோரின் பெயர்களைப் பதிந்து வைக்க வேண்டும். ஆபத்துக் காலத்தில் அவர்களோடு தொடர்புகொள்ள வேண்டும். வெயிலுக்காகத் தோன்றிய அப்பதிவேடு 2020இல் நோய்க்குப் பயன்பட்டது. பல சிற்றூர்களில் மன்ற உறுப்பினர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு முதியவர்களைத் தொலைபேசியில் அழைத்தனர். ‘நலமா? மருந்து இருக்கிறதா? கடைக்குச் செல்ல ஆள் வேண்டுமா?’ என்று கேட்டனர்.

இந்த அழைப்பின் அருமையை உணர வேண்டுமானால், அதே மாதத்தில் நிகழ்ந்த மற்றொன்றையும் நினைவுகூர வேண்டும். பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு 2020 சனவரி 31ஆம் நாள் வெளியேறியது. ஊரடங்கிற்கு இரண்டு நாள் முன்னர், மார்ச் 15இல், பிரான்சில் ஊர்மன்றத் தேர்தலின் முதற்சுற்று நடந்தது. அதுவரை அத்தேர்தலில் வாக்களித்தும் போட்டியிட்டும் வந்த பிரித்தானியர் அந்த உரிமையை இழந்தனர். மன்றங்களில் உறுப்பினராயிருந்த நூற்றுக்கணக்கான பிரித்தானியர் மீண்டும் நிற்க இயலவில்லை. தாய்நாட்டிலேனும் வாக்கு உண்டா என்றால், பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டில் வாழ்ந்தவர்களுக்கு அங்கும் இல்லை. அந்த விதி 2024 சனவரியில்தான் நீக்கப்பட்டது. ஆக, நீண்டகாலம் அங்கே வாழ்ந்த பலருக்கு இரு நாடுகளிலும் வாக்கு இல்லாமற் போயிற்று. இனி வாக்குக் கேட்டு அவர்கள் வாசலுக்கு எந்த வேட்பாளரும் வர வேண்டியதில்லை. ஆயினும் மன்றத்திலிருந்து தொலைபேசி மணி ஒலித்தது! வாக்கில்லாதவரை அழைத்து நலம் கேட்பதைவிடத் தூய்மையான ஊர்ப்பணி வேறு உண்டோ?

மே மாதத்தில் முகக்கவசங்கள் தட்டுப்பாடாக இருந்தபோது, பல ஊர்களில் தன்னார்வலர்கள் துணியால் அவற்றைத் தைத்து வீடுதோறும் அஞ்சற்பெட்டியில் இட்டுச் சென்றனர். தையல் தெரிந்த வெளிநாட்டுப் பெண்களும் அதில் கைகொடுத்தனர். ஊசியும் நூலும் எந்த மொழியிலும் பேசும்.

மணியோசை

ஒவ்வொரு நாளும் இரவு எட்டு மணிக்கு, மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நன்றி கூறும் வகையில் பிரெஞ்சு மக்கள் சன்னலில் நின்று கைதட்டினர். நகரத்தில் அவ்வொலி தெருவையே நிறைத்தது. வீட்டுக்கு வீடு இருநூறு அடி இடைவெளியுள்ள நாட்டுப்புறத்தில் கைதட்டல் அயல்வீட்டை எட்டுவதே அரிது. ஆலயமணி எட்டும். மங்கள வார்த்தைத் திருநாளான மார்ச் 25ஆம் நாள் மாலை ஏழரை மணிக்கு, ஆயர்களின் வேண்டுகோளுக்கிணங்கப் பிரான்சு நாடெங்கும் ஆலயமணிகள் பத்து நிமிடங்கள் தொடர்ந்து ஒலித்தன. சன்னல்களில் மெழுகுவர்த்திகள் ஏற்றப்பட்டன. கதவடைத்த வீடுகளுக்குள் இருந்தவர் கத்தோலிக்கரோ, ஆங்கிலிக்கரோ, கோவில் பக்கமே செல்லாதவரோ, எல்லாருடைய காதிலும் அந்த ஓசை ஒன்றாகவே விழுந்தது.

அம்மாவட்டத்தில் ஆங்கிலிக்க சபையினர் தங்கள் ஆங்கில வழிபாட்டைக் கத்தோலிக்கர் இரவலாகத் தந்த ஆலயங்களில் நடத்தி வருகின்றனர். இப்போது இரு சாராருக்கும் கூட்டு வழிபாடு இல்லை. ஏப்ரல் 12ஆம் நாள் உயிர்ப்புப் பெருவிழா மக்களின்றி நிகழ்ந்தது. லூர்து திருத்தலமே தன் வரலாற்றில் முதன்முறையாக மூடப்பட்டிருந்தது. வழிபாட்டுக் கூட்டங்களை அடியோடு தடை செய்வது அளவுக்கு மிஞ்சியது என்று மே 18இல் நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் கூறிய பின்னரே, மே 23 முதல் பொது வழிபாட்டிற்கு வழி பிறந்தது.

கடலுக்கு அப்பால்

இவ்வளவும் சொன்னபின், அக்காலத்தின் உண்மையான வேதனையை மறைப்பது முறையன்று. இங்கிலாந்தையும் பிரான்சையும் பிரிக்கும் கால்வாய் மிகக் குறுகிய இடத்தில் முப்பத்து மூன்று கிலோமீட்டரே அகலமுடையது. அம்முப்பத்து மூன்று கிலோமீட்டர் அந்நாள்களில் பெருங்கடலாயிற்று. 2020 ஆகஸ்டு 13ஆம் நாள் இரவு பிரித்தானிய அரசு ஓர் அறிவிப்பு விடுத்தது. பிரான்சிலிருந்து 15ஆம் நாள் அதிகாலை நான்கு மணிக்குப் பின் வருவோர் பதினான்கு நாள் தனிமையில் இருக்க வேண்டும் என்பதே அது. விடுமுறைக்கு வந்திருந்த பிள்ளைகள் பாதியிலே பெட்டி கட்டினர். டிசம்பர் 20ஆம் நாள், புதிய வகைக் கிருமிக்கு அஞ்சிப் பிரான்சு தன் எல்லையை இரண்டு நாள் அடைத்தது. கிறிஸ்துமசு நெருங்கிய வேளையில் ஆயிரக்கணக்கான சரக்கு வண்டிகள் கென்ட் மாவட்டத்துச் சாலைகளில் தேங்கி நின்றன. பேரப்பிள்ளைகளுக்கென்று மெத்தையிட்டு வைத்த மாடியறைகள் வெறுமையாகவே இருந்தன.

இங்கிலாந்தில் முதியோர் இல்லத்தில் தாய். பிரான்சுக் கிராமத்தில் மகன். தாயின் கையைப் பற்ற முடியாது. இறுதிச் சடங்கைக் கைப்பேசித் திரையில் பார்க்க நேர்ந்தவர் பலர். பிரான்சிலும் முதல் ஊரடங்கின்போது அடக்கச் சடங்கிற்கு இருபது பேருக்கு மேல் கூட முடியாது. ‘வேண்டும்போது போய்விடலாம்’ என்னும் நம்பிக்கையின்மீதே பலர் தங்கள் அயல்நாட்டு வாழ்வைக் கட்டியிருந்தனர். அந்த அடித்தளம் எவ்வளவு மெல்லியது என்பது அன்று தெரிந்தது. துணையை இழந்தவர்களிலும் நோயுற்றவர்களிலும் சிலர் வீட்டை விற்றுத் தாய்நாடு திரும்பினர். அவர்களைக் குறை கூற யாருக்கும் உரிமையில்லை.

தங்கியவர்கள் தங்கள் இருப்பைச் சட்டத்தின் முன் நிலைநாட்ட வேண்டியிருந்தது. அவர்களுக்கெனத் தனி வசிப்பிட அட்டை ஏற்படுத்தப்பட்டு, 2020 அக்டோபர் முதல் விண்ணப்பங்கள் பெறப்பட்டன. 2021 சூன் வரை இருந்த கெடு செப்டம்பர் முடிய நீட்டிக்கப்பட்டது. தலைநகரான பெரிகே சென்று, முகக்கவசத்தோடு வரிசையில் நின்று, கைரேகை பதிக்க வேண்டும். ஐந்தாண்டு நிறைந்தவர்களுக்குப் பத்தாண்டு அட்டை. மற்றவர்களுக்கு ஐந்தாண்டு அட்டை. 2022 சனவரி முதல் அது கட்டாயமாயிற்று. அதே ஆண்டு மார்ச் 14இல், உணவகங்களுக்கும் மற்ற இடங்களுக்கும் தேவைப்பட்ட தடுப்பூசிச் சான்றின் கட்டாயமும் நீங்கியது.

அட்டை ஒருவரை அந்நாட்டில் வசிப்பவர் ஆக்குகிறது. ஊரார் ஆக்குவதோ வேறொன்று. ஊர்மன்றத்து முதியோர் பதிவேட்டில் எந்த நாட்டவர் என்னும் கேள்வியே இல்லை. பெயர், வயது, முகவரி, தொலைபேசி எண், இவற்றோடு ஆபத்தில் அழைக்கப்பட வேண்டியவரின் பெயர் ஆகியவையே கேட்கப்படுகின்றன. அந்தக் கடைசிக் கேள்விக்கு, கடலுக்கப்பால் இருக்கும் மகளின் பெயரையே முதலில் எழுதத் தோன்றும். ஆயினும் எல்லைகள் அடைபட்ட அந்த மாதங்களில், ஓடிவரக் கூடியவர் வேலிக்கு அப்பால் உருளைக்கிழங்கு நடும் முதியவரே என்பது அந்தத் தம்பதியரைப் போன்ற பலருக்கு விளங்கிற்று. பிள்ளைகள் தொலைவில் வாழும் இல்லங்கள் நம்மிடையேயும் பெருகிவரும் இந்நாளில், அந்த இடத்தில் நாம் யார் பெயரை எழுதுவோம்? நம் பெயரை எழுதத் துணியும் அயலார் எத்தனை பேர்?