புனித நாட்டுக்குப் புறப்படுமுன்

புனித நாட்டைக் கண்டு வந்தவர் என்றால் அவர் ஒரு குருவாகவோ கன்னியராகவோதான் இருப்பார் என்பது நம் ஊர்களில் ஒரு காலத்து நிலை. இன்று அப்படியன்று. முந்திரித் தொழிற்சாலையில் உழைத்துச் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தோடும், வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பிய பணத்தோடும், கோட்டாறு, குழித்துறை மறைமாவட்டங்களின் பங்குகளிலிருந்து இறைமக்கள் குழுக்களாகப் புறப்படுகின்றனர். தமிழக அரசு 2011-12ஆம் ஆண்டில் தொடங்கிய உதவித் திட்டமும் இதற்கு ஒரு காரணம். முதலில் ஒருவருக்கு 20,000 ரூபாயாக இருந்த அந்த உதவித்தொகை பின்னர் 37,000 ரூபாயாக உயர்ந்தது.

2019 பிப்ரவரியில் எங்கள் பங்கிலிருந்து சென்ற 45 பேருள் நானும் ஒருவன். அதன்பின், புறப்படுவோர் சிலர் வீடு தேடி வந்து, "என்னவெல்லாம் கொண்டுபோகணும் சார்?" என்று கேட்பதுண்டு. கொண்டுபோக வேண்டியவற்றைவிட, பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை அதிகம் என்பதே என் விடை.

குழுவில் எத்தனை பேர்? முப்பதுக்கு மேற்பட்டால், ஒவ்வோர் இடத்திலும் ஆளெண்ணிப் பேருந்தில் ஏற்றுவதிலேயே பாதி நேரம் கழியும். இரவுத் தங்கல் எந்தெந்த ஊரில்? வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் தரும் அன்பளிப்பு கட்டணத்தில் அடங்குமா? மருத்துவக் காப்பீடு உண்டா? பயணம் தடைப்பட்டால் பணம் திரும்புமா? கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலர் கூச்சப்படுகின்றனர். புனிதப் பயணத்தில் பணப்பேச்சு எதற்கு என்று எண்ணுகின்றனர். ஆனால் 2020 மார்ச்சில் கொரோனாவால் உலகமே அடைபட்டது. 2023 அக்டோபர் 7ஆம் நாள் போர் மூண்டபோது மேகாலயாவிலிருந்து சென்றிருந்த 27 பேர் பெத்லகேமில் சிக்கி, எகிப்து எல்லையைக் கடந்த பின்னரே நிம்மதியடைந்தனர். அந்தப் போருக்குப்பின் இப்பயணங்கள் நெடுநாள் நின்றுபோயின. ஆகவே நம் வெளியுறவு அமைச்சகத்தின் அறிவிப்பை அறிந்துகொண்டு, எழுத்தில் உறுதி பெற்ற பின்னரே முன்பணம் கட்டுவது நன்று. முகவர் நம் உறவினரே ஆனாலும் இதில் மாற்றமில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2023இல் கேரளத்திலிருந்து சென்ற ஒரு குழுவில் சிலர் எருசலேமில் காணாமற்போயினர். எஞ்சியோர் விடுதியில் தடுத்து வைக்கப்பட்டனர். அங்கே வேலை தேடித் தங்கிவிடும் எண்ணத்தோடு குழுவில் சேர்பவர், வாழ்நாளில் ஒரே ஒருமுறை அங்கே செபிக்க வந்த முதியோரைப் பிணையாக வைத்துவிட்டுப் போகிறார். வறுமை அவரைத் துரத்தியிருக்கலாம். ஆனாலும் இதை நான் பொறுத்துக்கொள்ள மாட்டேன்.

இனி மூட்டைமுடிச்சுக்கு வருவோம். எருசலேம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 750 மீட்டர் உயரத்தில் இருக்கும் மலைநகரம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மழையும் குளிரும் உண்டு. மார்கழிக் காற்றுக்கே போர்வை தேடும் நமக்குக் கம்பளிச் சட்டையும் காலுறையும் தேவை. தேங்காய் எண்ணெய் அங்கே கல்லாய் உறைந்துவிடும். வாயகன்ற புட்டியில் எடுத்துச் செல்க. புதுச்செருப்பு வேண்டா. பழைய நகரின் வீதிகள் பல நூற்றாண்டுக் காலடிகளால் வழவழப்பான கல் பாவியவை; அடிப்பாகம் வழுக்காத, காலுக்குப் பழகிய காலணியே நல்லது. தோளும் முழங்காலும் மூடிய உடை எல்லாக் கோவில்களுக்கும் பொது. நம் பெண்களின் சேலைக்கு இதில் தொல்லையில்லை, படியேறும்போதுதான் தொல்லை. அன்றாடம் உண்ணும் மருந்துகளைக் கைப்பையில், மருத்துவர் சீட்டோடு வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டி ஒருநாள் தாமதமாக வந்தாலும் சர்க்கரை நோய் தாமதிக்காது.

தமிழ்த் திருப்பலி நூல்களை மறவாமல் கொண்டுசெல்க. திருத்தலங்களில் திருப்பலிக்கான நேரத்தைப் பிரான்சிஸ்கன் துறவிகளிடம் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். உடன்வரும் குருவிடம் அவர் குரு என்பதற்கான சான்று இருக்க வேண்டும். பூசைப் பாத்திரமும் உடுப்பும் பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும். தமிழ்தான் கிடைக்காது. ஒலிவ மலையில் உள்ள 'பரலோக மந்திர'க் கோவிலில் மட்டும் நிலை வேறு. நூற்றுக்கு மேற்பட்ட மொழிகளில் ஆண்டவர் கற்பித்த செபம் ஓடுகளில் எழுதப்பட்டிருக்கும் அங்கே, தமிழும் சுவரில் இருக்கிறது. எங்கள் குழுவினர் அதைக் கண்டதும் தொட்டுத் தொட்டுப் படித்தனர்.

உணவில் ஒரு வியப்பு. யூதர் நடத்தும் விடுதிகளில் இறைச்சியையும் பாலையும் ஒரே வேளையில் பரிமாறமாட்டார்கள். இரவில் கோழிக்கறி உண்டபின் பால்காப்பி கேட்டால் கிடைக்காது. இது அவர்களது மறைச்சட்டம். பரிமாறுபவரிடம் சினங்கொள்வதில் பயனில்லை. வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை ஓய்வுநாள். யூதர் பகுதிகளில் கடைகள் அடைத்திருக்கும். விடுதியின் ஒரு மின்தூக்கி யாரும் பொத்தானை அழுத்தாமலே மாடிக்கு மாடி நின்று நின்று செல்லும். பழுது என்று எண்ணிப் பதற வேண்டா.

கலிலேயக் கடலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அது கடலன்று, நன்னீர் ஏரி. நீளம் 21 கிலோமீட்டர், அகலம் ஏறத்தாழ 13. அங்கே 'பேதுரு மீன்' என்று பொரித்துத் தருவது நம் குளங்களின் ஜிலேபிக் கெண்டைக்கு நெருங்கிய உறவு. நெய்மீனும் சாளையும் உண்டு வளர்ந்த எங்கள் கடற்கரை அன்பர்கள் ஒரு வாய் உண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். ஆனால் 1986இல் வறட்சியால் நீர் வற்றியபோது சேற்றிலிருந்து எடுத்த பழம்படகைக் காட்டியபோது அவர்கள் முகம் மாறியது. 8 மீட்டருக்குச் சற்று மிகுந்த நீளம். இயேசு வாழ்ந்த நூற்றாண்டைச் சேர்ந்தது. பத்துக்கு மேற்பட்ட வகை மரங்களால் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு ஓட்டிய படகு அது. வழிகாட்டி வரலாறு சொல்லிக்கொண்டிருக்க, எங்கள் அண்ணாச்சி ஒருவர் பலகை இணைப்பையே பார்த்துக்கொண்டு, "பாவப்பட்டவன் வள்ளம் சார் இது. புதுப்பலகை வாங்க அவனுக்குப் பாங்கில்லை" என்றார். வழிகாட்டியின் அரைமணி நேர உரையில் எனக்கு நினைவில் நிற்பது அந்த ஒரு வரிதான்.

ஏரியில் படகுப் பயணம் உண்டு. படகுக்காரர் நம் கொடியை ஏற்றி, நாட்டுப்பண் ஒலிக்கச் செய்து, பிறகு ஒலிபெருக்கியில் பாடல்கள் போடுவார். இளைஞர்கள் ஆடுவதும் உண்டு. எங்களோடு ஒரு முதிய தாய் வந்திருந்தார். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் கடலுக்குச் சென்று திரும்பாதவர்களுள் ஒருவர் அவருடைய மகன். உடல் கிடைக்கவில்லை. ஆண்டவர் காற்றையும் கடலையும் அதட்டிய இடத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே வந்தவர் அவர். படகு நடு ஏரிக்கு வந்ததும் என் கையைப் பிடித்து, "இதுதானா மக்களே, அந்தக் கடல்?" என்றார். ஆம் என்றேன். "நம்ம கடலுக்கு முன்னால இது ஒரு குளமுல்லா" என்றவர், சற்றுப் பொறுத்து, "இதை அதட்டினவருக்கு அதை அதட்டத் தெரியாமப் போச்சே" என்றார். பாட்டு உரக்க ஒலித்துக்கொண்டிருந்தது. அவர் சொன்னது வேறு எவர் செவியிலும் விழவில்லை.

எங்கள் பங்குத்தந்தை எழுந்து சென்று, இயந்திரத்தையும் பாட்டையும் நிறுத்தச் சொன்னார். பத்து நிமிடம் போல, படகின் பக்கத்தில் நீர் மோதும் ஓசை மட்டும் இருந்தது. அந்தத் தாய் அழவில்லை, செபமாலையும் உருட்டவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு நான் விடையேதும் சொல்லவில்லை. என்னிடம் விடை இருக்கவுமில்லை. ஆனால் குழுவை நடத்துவோருக்கு ஒன்று சொல்வேன்: படகுக்காரரிடம் முன்னரே பேசி, இந்த மௌன நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். நிகழ்ச்சிநிரலில் பாட்டுக்கும் படமெடுப்புக்கும் இடமிருக்கிறது. இத்தகைய கேள்வியோடு வருபவருக்கு இடமில்லை. ஒரு நாளில் எட்டு இடங்கள் என்று அச்சடித்த தாளைக் கண்டால் நான்கை அடிக்கச் சொல்லுங்கள்.

எருசலேமில் சிலுவைப்பாதையை விடியுமுன் தொடங்குவதே சிறப்பு. கடைகள் திறந்துவிட்டால் பதினான்கு நிலைகளையும் பேரம் பேசும் குரல்களுக்கு நடுவில்தான் கடக்க வேண்டும். திருக்கல்லறைக் கோவிலில் வரிசை நீளும். கல்வாரிக்கு ஏறும் படிகள் மிகச் செங்குத்து. முழங்கால் வலியுள்ளோர் இருவர் துணையோடு ஏறுக. ஆறு திருச்சபைகள் பகிர்ந்துகொள்ளும் கோவில் அது. ஒருவர் வழிபாட்டு நேரத்தில் மற்றவர் உரக்கப் பாடினால் பூசல் எழும். நம்மவர் பாடுவதில் வல்லவர். அங்கே அடக்கம் தேவை.

பெத்லகேமில் ஓர் இரவாவது தங்குங்கள். பிரிவினைச் சுவருக்கு அப்பால் இருக்கும் அவ்வூரின் கிறிஸ்தவக் குடும்பங்கள் பல, ஒலிவ மரச் சிற்பங்களையும் திருப்பயணிகளையும் நம்பி வாழ்பவை. வேலையின்றி நாட்டைவிட்டு வெளியேறுவோரும் மிகுதி. தரகுக்காக ஒரே பெரிய கடைமுன் பேருந்து நிறுத்தப்படும். அங்கே வாங்கியே ஆகவேண்டும் என்பதில்லை. பிறப்பிடக் கோவிலின் வாயில் நான்கடி உயரந்தான். நெட்டையானவர் தலையைக் காத்துக்கொள்க.

எகிப்து வழியாகச் செல்லும் குழுக்கள் சீனாய் மலை ஏறுவதுண்டு. 2,285 மீட்டர், நள்ளிரவுக்குப்பின் புறப்பட்டு, கடைசி 750 படிகளை நடந்தே ஏற வேண்டும். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எகேரியா என்னும் பெண்மணி இம்மலையில் ஏறித் தம் சகோதரிகளுக்குக் குறிப்பு எழுதியிருக்கிறார்; உயரே விலங்கின்மீது அமர்ந்து செல்ல இயலாது என்று அவரும் சொல்கிறார். இதய நோயுள்ளோர் அடிவாரத்து மடத்தின் அருகே தங்கிவிடுவதே அறிவு. எங்களோடு வந்த பாட்டி ஒருவர், "நீங்க ஏறிட்டு வாங்க மக்களே, நான் இங்ஙனயே இருந்து செபமாலை சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டார். ஏறியவர்களுள் இருவர் பாதிவழியில் திரும்பி வந்து அவருடன் சேர்ந்துகொண்டனர்.

யோர்தான் தண்ணீரைக் கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் கொட்டிவிடுவார்கள். மூடியை இறுக்கி, நெகிழிப்பையில் கட்டிப் பெரிய பெட்டியில் வையுங்கள். திருவனந்தபுரத்தில் இறங்கி வீடு சேர்வதற்குள் அண்டை வீட்டார் காத்திருப்பார்கள். ஒரு பெரிய புட்டியைவிடப் பத்துச் சிறிய புட்டிகள் பயன்படும்.