திருகி நிற்கும் திரவங்கள்

பொருள்கள் மூவகை: திண்மம், திரவம், வாயு. சிறு வகுப்புகளில் நாங்கள் மனப்பாடம் செய்த இவ்வாய்பாட்டுக்குள் அடங்காத ஒரு பொருள் உண்டு என்பதை மேல்நிலை வகுப்புக்கு வந்த பிறகுதான் அறிந்தோம். அது திரவம்போல் வழியும். அதன் மூலக்கூறுகளோ, காலை அணிவகுப்பில் நிற்கும் மாணவியர்போல் ஒரே திசை நோக்கி நிற்கும். திரவப் படிகம் என்பது அதன் பெயர்.

1888ஆம் ஆண்டு பிராக் நகரில் ரைனிட்சர் என்ற தாவரவியலார், காரட்டிலிருந்து எடுத்த கொலஸ்ட்ராலைக் கொண்டு ஒரு சேர்மம் செய்து சூடாக்கினார். 145.5 டிகிரி செல்சியசில் அது உருகிக் கலங்கல் நீராயிற்று, 178.5 டிகிரியில் பளிச்செனத் தெளிந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலையா! அதே ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் சர் சி. வி. இராமன் பிறந்தார். இரண்டுக்கும் அன்று ஒரு தொடர்பும் இல்லை, பின்னால் ஏற்பட்டது.

அந்தக் கலங்கலின் இரகசியம் திருகல். சங்கில் வலம்புரி, இடம்புரி என்று உண்டல்லவா? சில மூலக்கூறுகளும் அப்படித்தான். அத்தகையவை நேராக அடுங்கி நிற்பதில்லை. ஒவ்வொன்றும் அண்டை மூலக்கூறிலிருந்து இம்மியளவு திரும்பி நிற்கும். அது சேர்ந்து சேர்ந்து, கோபுரத்தின் சுழற்படிக்கட்டைப்போல ஒரு முழுச் சுற்று ஆகிவிடும். அச்சுற்றின் நீளம் ஒளியலையின் நீளத்தை ஒத்திருந்தால் நிறம் தோன்றும். சூடு மாறினால் சுற்று மாறும், நிறமும் மாறும். நெற்றியில் ஒட்டிக் காய்ச்சல் பார்க்கும் பட்டைகளில் இருப்பது இதுவே. (தீப்பெட்டியில் நாங்கள் வளர்த்த பொன்வண்டின் பச்சையும் சாயமன்று, மெல்லிய அடுக்குகளின் வேலை, ஆனால் அங்கே திருகல் இல்லை. மத்திய அமெரிக்கக் காடுகளின் சில பொன்னிற வண்டுகளுக்குத் திருகலே உண்டு.)

எங்கள் தோழி ஒருத்தியின் தந்தை புளியங்குடியில் எலுமிச்சை மண்டி வைத்திருக்கிறார். அறிவியல் கண்காட்சிக்காக அவருடைய பழைய கால்குலேட்டர் ஒன்றை வாங்கி வந்து, முகப்பில் ஒட்டியிருந்த போலராய்டு தாளைப் பக்குவமாக உரித்தோம். எண்கள் மாயமாய் மறைந்தன! தாளை மறுபடி அதே இடத்தில் பிடித்தோம், எண்கள் வந்தன. கால் வட்டம் திருப்பிப் பிடித்தோம். கறுப்புப் பின்னணியில் வெளிர் எண்கள்! காரணம் இதுதான். ஜன்னல் கம்பிகளுக்கிடையே ஸ்கேலை நிறுத்திப் பிடித்தால் நுழையும், படுக்கப் பிடித்தால் நுழையாது. போலராய்டு தாள் அக்கம்பிகளைப் போன்றது. முன்னும் பின்னும் உள்ள இரு தாள்களின் கம்பிகள் ஒன்றுக்கொன்று குறுக்காக இருக்கும். நடுவிலுள்ள திரவப் படிகம் கால் வட்டம் திருகி நின்று, ஒளியையும் தன்னோடு திருப்பி வெளியே விடுகிறது. மின்னழுத்தம் தந்தால் மூலக்கூறுகள் நிமிர்ந்து திருகல் குலையும், ஒளி தடைப்படும், அவ்விடம் கறுக்கும். 1970இல் சுவிட்சர்லாந்தில் ஷாட், ஹெல்ஃப்ரிச் என்ற இருவர் இதற்குக் காப்புரிமை கோரினர்.

இது கண்ணாடிச் சுவர்களின் கட்டாயத்தால் வரும் திருகல். எங்களை அதிகம் கவர்ந்தது வேறொன்று. சில திரவப் படிகங்கள் அடுக்கடுக்காக நிற்க விரும்புபவை. அவற்றின் மூலக்கூறுகளே வலம்புரியாகவோ இடம்புரியாகவோ இருந்துவிட்டால்? ஈரத்துணியைப் பிழிவதுபோல் அடுக்குகளைத் திருக முடியாது, கிழிந்துவிடும். 1988இல் அமெரிக்காவில் ரென், லுபென்ஸ்கி என்போர் இதற்கு ஒரு வழியைக் கணக்கிட்டுச் சொன்னார்கள். மறு ஆண்டே குட்பி குழுவினர் அதைச் சோதனையில் கண்டார்கள். திருத்த வைத்திருந்த நோட்டுகளைக் கொண்டு அதை நாங்கள் கண்காட்சியில் செய்து காட்டினோம். நோட்டுகளை அலமாரியில் நிற்பதுபோல் நிறுத்தி ஒரு கட்டு. அதன்மேல் சற்றே திரும்பிய இன்னொரு கட்டு. அதன்மேல் மேலும் திரும்பிய இன்னொன்று. எந்த நோட்டும் வளையவில்லை. ஆனால் கோபுரம் திருகிவிட்டது.

பார்க்க வந்த மண்டிக்காரத் தந்தை மகளிடம் கேட்டார்: “ஏம்மா, ஒரு கட்டுக்கும் அடுத்த கட்டுக்கும் நடுவுல என்ன இருக்கு? அங்க எப்படிப் பொருந்தும்?” விஷயமே அந்த இடத்தில்தான் இருக்கிறது. அங்கே அடுக்குகள் சரியாகப் பொருந்துவதில்லை. திருகாணியின் மரைபோன்ற குறைகள் வரிசையாக நின்று ஒரு சுவராகின்றன. அக்குறைகள் இல்லாவிட்டால் திருகலும் இல்லை. அவள் தடுமாறாமல் விளக்கினாள்.

இனி அந்தத் தொடர்பைச் சொல்வோம். இராமனின் சகோதரி மகன் எஸ். சந்திரசேகர் (நட்சத்திரங்களை ஆராய்ந்த சந்திரசேகர் வேறு, அவரும் இராமனின் உறவினரே) 1971இல் பெங்களூரு இராமன் ஆராய்ச்சி நிலையத்தில் திரவப் படிக ஆய்வகத்தைத் தொடங்கினார். குச்சி வடிவ மூலக்கூறுகளே திரவப் படிகமாகும் என்று எண்ணியிருந்த காலத்தில், 1977இல் சதாசிவா, சுரேஷ் ஆகியோருடன் சேர்ந்து, தட்டு வடிவ மூலக்கூறுகளும் நாணயங்களை அடுக்கியதுபோல் தூண்தூணாக நிற்கும் என்று காட்டினார். அக்கட்டுரை வெளிவந்தது பெங்களூரிலிருந்து வரும் ‘பிரமாணா’ இதழில். வெளிநாட்டு இதழுக்கு அனுப்பாமல் இங்கேயே வெளியிட்டதை நாங்கள் பெருமையாக நினைக்கிறோம். அதே நிலையத்தில் 1997இல் பிரமோத், பிரதிபா, மதுசூதனா ஆகிய மூவர், நாம் மேலே சொன்ன திருகிய கட்டுகள் தாமே அலையலையாக நெளிந்து நிற்கும் புதிய நிலையைக் கண்டறிந்தனர். நுண்ணோக்கியில் அது மைசூர்பாகு வெட்டியதுபோல் சதுரம் சதுரமாகத் தெரியுமாம்.

மூவரில் ஒருவர் பெண் என்பதை எங்கள் தோழி வீட்டில் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். இயற்பியலா, வணிகவியலா என்ற பேச்சு அங்கே இன்னும் முடியவில்லை. “இயற்பியல் படிச்சா ஊரை விட்டுல்ல போகணும்?” என்கிறார் தாயார். தந்தை ஒன்றும் சொல்லவில்லை. கால்குலேட்டரை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். தாளைப் பழையபடி ஒட்டித் தரவா என்று கேட்டதற்கு, வேண்டாம், கறுப்பில் வெள்ளையாகவே இருக்கட்டும் என்றாராம்.