ஒரு பாட்டால் அளக்கப்பட்டவர்

மனிதரை அளப்பதற்கு உலகம் கையாளும் கோல் மிகவும் குட்டையானது. ஒருவர் தம் வாழ்நாளில் நூறு காரியங்கள் செய்திருப்பார். ஊரார் நினைவில் நிற்பதோ ஒன்றே ஒன்று. அவ்வொன்றும் அவர் செய்தவற்றுள் சிறந்ததாக இருத்தல் வேண்டும் என்னும் நியதி இல்லை. எது உரத்து ஒலித்ததோ அதுவே பெரும்பாலும் நிலைத்துவிடுகிறது. நாடகக் கொட்டகையில் ஒருமுறை கோமாளி வேடம் கட்டிச் சிரிக்க வைத்தவன், மறுநாள் அரிச்சந்திரனாக வந்து மயானத்தில் நின்று கதறினாலும் சபையில் சிரிப்பே எழும். குற்றம் நடிகனுடையதா, சபையினுடையதா என்று நாம் ஆராய்வதில்லை.

இவ்வாறு ஒரே பாட்டால் அளந்து ஒதுக்கப்பட்ட ஓர் ஆங்கில இசைஞரையும், அவர் 1984-ஆம் ஆண்டில் வெளியிட்ட இசைத்தட்டு ஒன்றையும் பற்றி இங்கு எழுதத் துணிகிறேன். இசைஞரின் பெயர் தாமஸ் டால்பி. இசைத்தட்டின் பெயர் 'தி பிளாட் எர்த்'. தமிழில் 'தட்டைப் பூமி' என்னலாம். "தோட்டத்துக் கிராணிக்கு இதெல்லாம் எதற்கு?" என்று வினவும் அன்பர்களும் இருக்கக்கூடும். பட்டணத்துக் கடை ஒன்றில் இதே வினா என் முகத்துக்கு நேரே விடுக்கப்பட்டதும் உண்டு. கிராணி என்றால் செக்ரோல் புத்தகம், சம்பளப் பட்டியல், காலைப் பெரட்டு. இவற்றுக்கு அப்பால் அவனுக்கு ஒரு செவி இருக்கலாகாது என்பது அக்கடைக்காரரின் எண்ணம். அவர் கையிலிருந்ததும் நான் மேலே கூறிய குட்டைக் கோலே.

நிற்க. டால்பி என்பது அவருடைய இயற்பெயர் அன்று. 1958-இல் இலண்டன் மாநகரில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் தாமஸ் மார்கன் ராபர்ட்சன். தந்தையார் பண்டைக் கிரேக்கக் கலையை ஆராய்ந்த பெரும் புலமையாளர். மகனோ எந்நேரமும் ஒலிப்பதிவுக் கருவியும் கையுமாகத் திரிந்தமையால், ஒலிப்பதிவில் இரைச்சலைக் குறைக்கும் முறைக்குப் பெயர்பெற்ற டால்பி நிறுவனத்தின் பெயரையே பள்ளித் தோழர்கள் அவருக்குப் பட்டப்பெயராகச் சூட்டிவிட்டனர். பிற்காலத்தில் அந்நிறுவனம் இதற்கு ஆட்சேபம் எழுப்பி, வழக்கு வரை சென்று, பின்னர் உடன்பாடு ஏற்பட்டது. ஆக, பிறர் ஒட்டிய முத்திரையைச் சுமந்தே அவர் இசையுலகில் புகுந்தார்.

அதனினும் பெரிய முத்திரை 1982-இல் வந்தது. அவ்வாண்டில் அவர் வெளியிட்ட 'ஷி பிளைண்டட் மீ வித் சயன்ஸ்' என்னும் வேடிக்கைப் பாட்டில், தொலைக்காட்சியில் விஞ்ஞானம் விளக்கிப் புகழ்பெற்ற முதியவரான மேக்னஸ் பைக் இடையிடையே கூவுவார். டால்பி வட்டக் கண்ணாடி அணிந்து, பித்தம் தலைக்கேறிய விஞ்ஞானியைப் போலத் தோன்றுவார். 1983-இல் அப்பாட்டு அமெரிக்கப் பட்டியலில் 5-ஆம் இடத்தை எட்டியது. அன்று முதல் அவர் 'பைத்தியக்கார விஞ்ஞானி' ஆனார். வேறொருவராயின் அதே வேடத்தை மேலும் பத்து முறை கட்டிப் பொருள் ஈட்டியிருப்பார். டால்பி அவ்வாறு செய்யவில்லை. சிரிப்பை எதிர்பார்த்துக் காத்திருந்த சபையின் முன் அவர் வைத்தது, பெரும்பாலும் மெல்லிய குரலில் பேசும் ஏழே பாடல்கள் கொண்ட ஓர் இசைத்தட்டு.

விற்பனையில் அது படுதோல்வி அடைந்தது என்று கூறுதல் நேர்மையாகாது. பிரிட்டனில் 14-ஆம் இடத்தையும், அமெரிக்காவில் 35-ஆம் இடத்தையும் பெற்றது. ஆயினும் இன்று அவர் பெயரைச் சொன்னால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் விஞ்ஞானப் பாட்டையே பாடிக் காட்டுவர். 'தட்டைப் பூமி'யை அறிந்தோர் சிலரே.

அச்சிலருள் ஒருவர் எங்கள் தோட்டத்துப் பெரிய கிராணியாராக இருந்தவர். கணக்கில் ஒரு காசு பிசகினாலும் விடாதவர், சிரிக்க அறியாதவர் என்பதே தோட்டமெங்கும் அவருக்கிருந்த பெயர். லயத்துப் பிள்ளைகள் அவரைக் கண்டால் வேலியோரம் ஒதுங்குவர். வேலையினின்று ஓய்வுபெற்ற அன்று அவர் மேசை இழுப்பறையைக் காலி செய்கையில், இந்த இசைப்பேழையை என் கையில் வைத்து, "தம்பி, முதலிலிருந்து வரிசையாகக் கேள். கடைசிப் பாட்டுக்குத் தாவிவிடாதே," என்றார். அவர் காதில் இத்தகைய இசை ஒலித்திருக்கும் என்று அத்தோட்டத்தில் ஒருவரும் கனவிலும் கருதியதில்லை.

வரிசையாகவே கேட்போம். முதற்பாடல் 'டிசிடெண்ட்ஸ்', அரசின் கொள்கைக்கு உடன்படாமல் எழுதித் துன்புறுவோரைக் குறித்தது. தட்டச்சுப் பொறியின் ஓசையே அதில் தாளத்தோடு கலந்து வருகிறது. அலுவலகத்தில் உண்டு உறங்கும் எம்போன்றோருக்குத் தட்டச்சுப் பொறி என்பது கூலிக்கு அடிக்கும் கருவி. எழுதினால் சிறை என்னும் நாட்டில் அதே எழுத்துத் தட்டும் ஓசை எத்துணை அச்சமூட்டுவது! அண்டை வீட்டார் செவியில் விழுந்துவிடுமோ என்று விரல் நடுங்கும் நிலையை அவ்வோசை ஒன்றே உணர்த்திவிடுகிறது.

இரண்டாவது, தட்டின் பெயரையே தாங்கிய பாடல். பியானோவும் தாளமும் மெல்ல மெல்ல ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்து வளர்கின்றன. பூமி தட்டையானது என்னும் பழைய பிழையை இவர் பரிகசிக்கவும் இல்லை, நம்பவும் இல்லை. மனம் விரும்பினால் உலகுக்குப் புதியதோர் உருவம் கொடுக்கலாம் என்னும் ஆறுதலுக்கு அதனை ஓர் உருவகமாக்கிக் கொள்கிறார்.

மூன்றாவதான 'ஸ்க்ரீன் கிஸ்' திரைப்பட நகரமாகிய ஹாலிவுட்டின் பொய்யொளியில் தேய்ந்துபோகும் வாழ்வைப் பாடுகிறது. இதில் மேத்யூ செலிக்மன் வாசித்துள்ள பேஸ் கிட்டாரைத் தனியே கவனித்தல் வேண்டும். அது மெட்டுகள் பதிக்கப்படாத கருவி. வீணைக்கும் கோட்டு வாத்தியத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவர்கள் இதனை எளிதில் உணர்வர். ஒரு சுரத்திலிருந்து மறுசுரத்துக்குப் படியேறிச் செல்லாமல் வழுக்கிச் செல்கிறது. வாய்விட்டு அழ நாணும் ஒருவரின் பெருமூச்சைப் போல இழைகிறது. இந்தச் செலிக்மன் பின்னாளில் சட்டம் பயின்று, இலண்டனில் வழக்குரைஞராகத் தொழில் புரிந்தார். 2020 ஏப்ரலில் கொரோனா நோயால் மறைந்தார். இவரையும் ஒரு சொல்லில் அடக்க இயலுமா?

அடுத்த பக்கத்தின் முதற்பாடல் 'ஒய்ட் சிட்டி'. மேற்கு இலண்டனில் இப்பெயருடைய ஒரு பகுதி உண்டு. பாட்டு விரைந்து ஓடி முடியும் வேளையில், ராபின் ஹிட்ச்காக் என்னும் மற்றொரு விந்தைப் பாடகரின் பேச்சுக்குரல் குறுக்கிடுகிறது. இதனைக் கடந்து அடுத்த பாடலுக்குச் செல்வோம். நமக்கு நெருங்கியது அதுவே.

அதன் பெயர் 'மூலு தி ரெயின் ஃபாரஸ்ட்'. ஆம், நேயர்களே, சரவாக் மாநிலத்து மூலுவின் பெயரே ஆங்கிலேயர் ஒருவரின் இசைத்தட்டில் அமர்ந்திருக்கிறது. 1977-லும் 1978-லும் பிரிட்டனின் வேந்தவைப் புவியியற் கழகம் அங்கே விஞ்ஞானிகளின் பெருங்குழு ஒன்றை அனுப்பி மழைக்காட்டை ஆராய்ந்தது. மூலுவின் பெருங்குகைகள் உலகறிந்தன. 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியக் களமாக ஏற்றது. டால்பியின் பாட்டு இச்செய்திகளை ஒப்புவிக்கவில்லை. இலைகளின் மேல் நீர் சொட்டுவது போன்றும், பெயர் தெரியாத உயிர்கள் இருளில் விளிப்பது போன்றும் ஒலிகள் எழுகின்றன. அவற்றின் நடுவே குரல் வழி தேடித் தயங்கி நடக்கிறது. நான் பணிபுரிவது செம்பனைத் தோட்டம். நூல் பிடித்தாற்போல் வரிசை வரிசையாக நிற்கும் மரங்களையே அன்றாடம் காண்கிறேன். அவற்றுக்கு முன் ரப்பர் நின்றது; ரப்பருக்கு முன் காடு நின்றது. அக்காட்டை வெட்டித் திருத்திய கைகள் நம் பாட்டன் பாட்டியரின் கைகள். காய்ச்சலுக்கும் அட்டைக்கும் ஈடுகொடுத்து அவர்கள் திருத்திய நிலம் எப்படி ஒலித்திருக்கும் என்பதை நான் ஓரளவேனும் செவியால் ஊகித்தது இப்பாட்டில்தான். கற்பனையாயினும், அதில் பணிவு இருக்கிறது. அதனால் அதனை ஏற்கிறேன்.

ஆறாவதான 'ஐ ஸ்கேர் மைசெல்ஃப்' அவர் இயற்றியது அன்று. டான் ஹிக்ஸ் என்னும் அமெரிக்கரின் படைப்பு. மூலப்பாடலில் வயலின் கோலோச்சும். இவர் அதனை நள்ளிரவு விடுதியில் மெல்லக் கேட்கும் லத்தீன் தாளமாக மாற்றித் தந்திருக்கிறார். தன் காதலின் ஆழம் கண்டு தானே அஞ்சும் ஒருவனின் பாட்டு அது.

இறுதியில் வருவதே பெரிய கிராணியார் எச்சரித்த பாடல்: 'ஹைப்பராக்டிவ்!' மைக்கேல் ஜாக்சனை மனத்தில் வைத்து எழுதப்பட்டு, பின்னர் டால்பியே பாடியது. மனநல மருத்துவர் ஒருவர் நோயாளியின் பிள்ளைப்பருவத்தை விசாரிப்பதாகத் தொடங்கி, டிராம்போன் முழங்க, அடெல் பெர்ட்டே என்னும் பெண்மணியின் குரல் குறுக்கே பாய, கட்டுக்கடங்காமல் ஓடுகிறது. பிரிட்டனில் 17-ஆம் இடம் பெற்றது. இதனை முதலில் கேட்பவர், "அதே கோமாளி!" என்று கூறித் தட்டை மூடிவிடுவார். ஆறு பாடல்களையும் கடந்து வந்தவருக்கோ இது, நெடுநேரம் மௌனமாக இருந்த பிள்ளை திடீரெனத் துள்ளி ஓடுவதைக் காண்பது போன்றது. எச்சரிக்கையின் பொருள் அப்போது விளங்கும்.

இத்தட்டின்மேல் சாட்டப்படும் குறைகள் இரண்டு. ஒன்று, இது வெறுங்கதம்பம் என்பது. கதம்பம் என்பது குறையாகுமா? மல்லிகையும் கனகாம்பரமும் மரிக்கொழுந்தும் கலந்திருப்பதால் அதற்கு இழுக்கில்லை. நார் இருக்கிறதா என்பதே கேள்வி. இங்கே நார் உண்டு. ஏழனுள் ஒவ்வொரு பாடலும் ஓர் இடம்: அச்சம் குடிகொண்ட எழுதுமேசை, மனம் வரைந்த பூமி, திரைப்பட நகரம், இலண்டன், மழைக்காடு, காதலன் நெஞ்சு, பிள்ளைப்பருவம். நிலம் மாறும்போது உணர்ச்சி மாறுகிறது. உணர்ச்சி மாறும்போது இசையின் நடையும் மாறுகிறது. நிலத்தையும் உணர்வையும் இணைத்துத் திணை வகுத்த மரபில் வந்த நமக்கு இஃது அயலான முறையன்று. ஏழு நிலங்களுக்கும் ஒரே தாளத்தை வைத்திருந்தால் அன்றோ குறை கூறவேண்டும்!

மற்றொன்று, இது இயந்திர இசை, உயிரற்றது என்பது. இதில் பயன்பட்ட கருவிகளுள் ஒன்று ஃபேர்லைட். ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரில் ஆக்கப்பட்டு 1979-இல் வெளிவந்தது. எந்த ஓசையையும் பதிவு செய்து, எண்களாக்கி நினைவில் இருத்தி, விசைப்பலகையில் சுரமாக வாசிக்க வழி செய்வது அக்கருவி. ஓசையைத் தருவது உலகம். தேர்வது மனிதச் செவி. உளி கல்லைச் செதுக்கியது என்று நாம் கூறுவதில்லையே! கருவியின்மேல் பழிபோடுவது, அதைக் கையாண்டவர் எங்கே கூர்ந்து கேட்டார், எங்கே அடங்கி நின்றார் என்று கவனிக்கும் உழைப்பினின்று தப்பும் வழியாகும்.

டால்பியின் பிற்கால வாழ்வும் ஒரு கோலில் அடங்குவதன்று. 1985 ஜூலை 13-இல் இலண்டனில் நடந்த 'லைவ் எய்ட்' நிகழ்ச்சியில் டேவிட் போவிக்குப் பின்னின்று இசைத்தார். பின்னர் அமெரிக்காவில் அவர் தொடங்கிய பீட்னிக் நிறுவனத்தின் ஒலிநுட்பத்தை நோக்கியா நிறுவனம் தன் கைத்தொலைபேசிகளின் மணியோசைக்குப் பயன்படுத்திக் கொண்டது. 'ஆங்கில இசை எனக்கு ஆகாது' என்று கூறியவர்களின் சட்டைப்பைகளிலும் அவருடைய கைவண்ணம் பல்லாண்டு ஒலித்திருக்கிறது. 2014 முதல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியப் பணியும் ஏற்றார்.

இவ்வளவும் கூறியது ஓர் அந்நிய இசைஞரைத் துதிபாடுதற்காக அன்று. இத்தட்டு முழுவதும் ஓடி முடிய 40 நிமிடத்துக்கும் குறைவே ஆகும். ஒரு மனிதரை அவருடைய உரத்த பாட்டைக்கொண்டு தீர்மானிக்காமல், அவர் மெல்லச் சொன்னதையும் கேட்பதற்கு நாம் செலவிட வேண்டியது அவ்வளவே. நம் தோட்டத்தில் உறுமி அடிக்கும் இளைஞன் ஒருவன் இருப்பான். திருவிழாவில் அவன் அடித்த அடியைக் கேட்டு, 'உறுமிக்காரன்' என்று பெயர் சூட்டி நாம் முடித்துவிட்டிருப்போம். மாலையில் வேலை முடிந்தபின் அவன் தனியே அமர்ந்து என்ன வாசிக்கிறான் என்று ஒருநாளேனும் போய்க் கேளுங்கள். தீர்ப்பை அதன்பின் கூறலாம்.