வடகடலில் அண்ணனோடு

என்னுடைய 75-ஆவது வயதில்தான் முதன்முதலாகப் பாஸ்போர்ட் எடுத்தேன். முப்பத்தைந்து வருடம் அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து ஊரார் விண்ணப்பங்களையெல்லாம் சரிபார்த்தவன் நான். என் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்யும்போது கை நடுங்கியது.

காரணம் என் அண்ணன். அவருக்கு 83 வயது. அண்ணி போனபிறகு பாரீஸ் பக்கத்தில் தனியாக இருக்கிறார். "அப்பா வீட்டைவிட்டு வெளியே வருவதே இல்லை. நீங்கள் வந்தால்தான் வருவாராம் சித்தப்பா" என்று அவர் மகன் போனில் சொன்னான். சொன்னதோடு நிற்காமல், நார்வே நாட்டுக் கடற்கரையோரம் போகும் கப்பலில் எங்கள் இரண்டு பேருக்கும் இடம் பதிவு செய்துவிட்டான்.

எங்கள் குடும்பக் கதையைப் புதுச்சேரிக்காரர்களுக்கு அதிகம் விளக்கவேண்டியதில்லை. 1962 ஆகஸ்ட் 16-இல் ஊர் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அண்ணனுக்கு அப்போது 20 வயது. எழுதிக்கொடுத்தார், பட்டாளத்தில் சேர்ந்தார், சொல்தாவாகப் போய்விட்டார். அப்பா எழுதிக்கொடுக்கவில்லை. எனக்கு 12 வயது. அப்பா எந்தப் பக்கமோ நானும் அந்தப் பக்கம்.

1971-இல் அப்பா காலமானபோது அண்ணன் ஜிபூட்டியில் இருந்தார். தந்தி போய்ச் சேர்வதற்குள் இங்கே எல்லாம் முடிந்துவிட்டது. மூத்த மகன் வைக்கவேண்டிய கொள்ளியை நான் வைத்தேன். அப்பாவை மீறிப் போனவர், கடைசியிலும் வரவில்லையே என்று என் மனதில் ஒரு முள். அதன்பிறகு அண்ணன் எத்தனையோ முறை வந்தார், போனார். எல்லாம் பேசுவோம், அதை மட்டும் பேசமாட்டோம்.

பாரீஸ் விமான நிலையத்தில் பாஸ்போர்ட் சோதனை வரிசையில் நின்றேன். நான் வரும்வரை அண்ணன் அந்தப் பக்கம் கைத்தடியோடு நின்றுகொண்டே இருந்தார்.

பெர்கன் நகரில் கப்பல் ஏறினோம். இந்தக் கப்பல் வழிக்கு ஹுர்டிகுருட்டன் என்று பெயர், 'விரைவு வழி' என்று பொருள். ரிச்சர்ட் வித் என்ற கப்பல் தலைவர் 1893-இல் தொடங்கியது. ரஷ்ய எல்லைக்கு அருகே இருக்கும் கிர்க்கெனஸ் வரை 34 துறைகளில் நின்று நின்று போகிறது. நம் ஊர் டவுன் பஸ் மாதிரிதான்: உள்ளூர் ஜனங்கள், சரக்கு, சுற்றுலா வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே கப்பல். போக மட்டும் ஆறு இரவு.

இரவு என்று பேருக்குத்தான் சொல்கிறேன். ஜூன் மாதம், வடக்கே போகப்போக இருட்டுவது நின்றுவிட்டது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கடலிலிருந்து நேராக எழும் கருங்கல் மலைகள், உச்சியில் பனி, இடுக்குகளில் வெள்ளை நூல் தொங்கவிட்டதுபோல் அருவிகள். பத்து மைலுக்கு ஒரு வீடு. அதுவும் சிவப்பாக, தீப்பெட்டி அளவில்.

மலைகளுக்குச் சமமாக நான் வேடிக்கை பார்த்தது மனிதர்களை. எல்லாரும் ஒரே நிறச் சட்டை போட்ட ஜெர்மானியக் கூட்டம் ஒன்று, சாப்பாட்டு மணிக்குப் பத்து நிமிடம் முன்னால் கதவருகே நிற்கும். ஓர் ஆங்கிலேயத் தம்பதி ஒரே தொலைநோக்கியை மாற்றி மாற்றி வாங்கிக் கடற்கழுகு தேடினார்கள். கழுகு வந்த நேரம் இரண்டு பேருமே தூங்கிவிட்டார்கள். பிரித்தானி பகுதியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் என் பிரெஞ்சைக் கேட்டு, "மொசியே, என் தாத்தா பேசுவதுபோலவே இருக்கிறது" என்றார். நான் படித்தது அந்தக் காலத்துப் பாடப்புத்தகப் பிரெஞ்சு. அண்ணன் பேசுவது பட்டாளத்துப் பிரெஞ்சு. அந்த அம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "நீங்கள் உண்மையிலேயே அண்ணன் தம்பிதானா?" என்று கேட்டுச் சிரித்தார்.

இன்னொருத்தரையும் மறக்கமுடியாது. லோஃபோட்டன் தீவில் ஏறி, அடுத்த துறையில் இறங்கிய உள்ளூர்ப் பாட்டி. உலகமே வந்து படமெடுக்கும் மலை ஜன்னலுக்கு வெளியே போய்க்கொண்டிருக்க, அவர் தலை நிமிராமல் கம்பளி பின்னிக்கொண்டிருந்தார். நம் கடற்கரைச் சாலையில் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அரசியல் பேசுகிறவர்கள் ஞாபகம் வந்தது.

ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டும் நாளில் ஒரு சடங்கு உண்டு. கடல் அரசன் வேடமிட்ட ஒருவர், விரும்பி வருகிறவர்களின் சட்டைக்குள் ஒரு கரண்டி ஐஸ்கட்டியைக் கழுத்து வழியாகக் கொட்டுவார். "எனக்கு முதலில்!" என்று போய் நின்றார் அண்ணன். ஐஸ் விழுந்ததும் அவர் போட்ட கூச்சலில் கப்பலே கைதட்டியது. அண்ணி போனபின் அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

லோஃபோட்டனில் கரையெல்லாம் மரச்சட்டங்கள். அவற்றில் காட் மீனை ஜோடி ஜோடியாக வாலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கருவாடுதான், ஆனால் உப்பே போடுவதில்லை. பிப்ரவரி முதல் மே வரை அடிக்கும் குளிர்காற்றிலேயே காய்ந்துவிடுகிறது. அந்தக் குளிரில் ஈயும் வராது, மீனும் கெடாது. வாசனை வந்ததும் அண்ணன் மூக்கை உயர்த்தி, "தம்பி, முத்தியால்பேட்டை வந்துட்டோமா?" என்றார்.

அன்று இரவு பதினொன்றரை மணிக்குமேல் ட்ரோல் ஃபியோர்ட் என்ற கடல் இடுக்குக்குள் கப்பல் நுழைந்தது. வாய் நூறு மீட்டர் அகலம்தான். இருபுறமும் பாறைச் சுவர், கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல. அத்தனை பெரிய கப்பல் உள்ளே போய், நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பியது. மேல்தளத்தில் இருந்தவர்கள் யாரும் பேசவில்லை. அப்போது அண்ணன் சொன்னார்:

"அப்பாவை மீறித்தான் நான் கையெழுத்துப் போட்டேன்னு நினைச்சிருக்கே, இல்லையா?"

நான் பதில் சொல்லவில்லை.

"என்னைக் கூட்டிக்கிட்டுப் போய்ப் போடவெச்சதே அவர்தாண்டா. 'நீ போய்ப் பொழைச்சுக்கோ, சின்னவன் என்கூட இருக்கட்டும்'னார். உங்கிட்டே சொல்லவேணாம்னுட்டார். தெரிஞ்சா பெரியவனானதும் நீயும் கிளம்பிடுவேன்னு பயம்."

முப்பத்தைந்து வருடம் ஃபைல்களைப் படித்தவனுக்கு, சொந்த வீட்டு ஃபைலில் ஒரு தாள் குறைந்தது தெரியவில்லை. "குளிருதுண்ணே, உள்ளே போலாம்" என்றேன். அவர் நகரவில்லை. "அப்பா போன அன்னிக்கு என்ன நடந்துச்சு? முதல்லேருந்து சொல்லு" என்றார். யார் யார் வந்தார்கள், மழை பெய்ததா, கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அடுத்த துறை வரும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்த வெளிச்சத்தில் அவர் முகத்தை மறைக்க இடமில்லை.

பிறகு வடமுனையும் பார்த்தோம். 307 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறை, மரமே இல்லாத பூமி, மேய்ந்துகொண்டிருக்கும் கலைமான்கள். அதற்கு அருகில் ஹொன்னிங்ஸ்வோக் என்ற ஊர். இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், பின்வாங்கிய ஜெர்மானியப் படை ஊரையே கொளுத்தியபோது மிஞ்சியது ஒரு தேவாலயம் மட்டும். திரும்பி வந்த ஜனங்கள் அதற்குள்தான் தங்கி ஊரைக் கட்டினார்களாம். அண்ணன் அதன் வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

ஊர் திரும்பி மாதங்கள் ஆகிவிட்டன. முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் தூக்கம் நன்றாக வருகிறது. இந்த வருடம் அப்பா திதிக்கு அண்ணன் வந்திருந்தார். மூத்தவர் என்று அவரை உட்காரவைத்தோம், எள்ளும் தண்ணீரும் அவரே விட்டார்.

இரண்டு நாள் கழித்து, அண்ணன் பையில் கொண்டுவந்திருந்த அந்த நார்வே கருவாட்டை என் வீட்டுக்காரி ஒரு வாரம் ஊறவைத்துக் குழம்பு வைத்தாள். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று முனகிக்கொண்டேதான் வைத்தாள். அண்ணன் மூன்றுமுறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.