கேட்டுவிட்டுச் சொல்

மலேசியாவில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவன் தன் நம்பிக்கையைப் பற்றி வாய் திறக்க நினைத்தால் இரண்டு கோடுகள் குறுக்கே நிற்கும். ஒன்று, சட்டம் போட்டது. முஸ்லிம்களிடையே பிற சமயங்களைப் பரப்புவதைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை அரசியலமைப்பின் 11(4) பிரிவு மாநிலங்களுக்குத் தந்திருக்கிறது. ஜொகூரிலும் அதற்கான சட்டம் உண்டு. அதில் குழப்பமே இல்லை. இன்னொரு கோடு நம் ஆட்களுக்குள்ளேயே கிடக்கிறது. அதை யாரும் எழுதி வைக்கவில்லை. இந்து நண்பனிடம் 'இயேசு' என்று ஆரம்பித்தாலே, "என்னடா, மதம் மாத்த வந்துட்டியா?" என்பான். சிரிச்சுக்கிட்டேதான் கேட்பான். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் பழைய காயம் இருக்கிறது. மதம் மாறிய சொந்தக்காரர்கள் பூசைச் சோற்றைத் தள்ளிவைத்தது, சாமியைப் பேய் என்று சொன்னது, தாத்தாவின் கருமாதிக்கு வராமல் போனது எல்லாம் அதில் சேர்ந்திருக்கிறது.

ஸ்கூடாயில் பொறியியல் படித்த நான்கு வருடமும் என் அறைத்தோழன் திருநீறு பூசிக்கிட்டு பரீட்சைக்குப் போவான். நான் கண்ணை மூடி ஜெபம் பண்ணுவேன். ஒருத்தரை ஒருத்தர் பார்க்காத மாதிரி இருந்துக்குவோம். அதைத்தான் மரியாதை என்று நினைத்துக்கொண்டோம்.

தைரியம் என்றால் உரக்கப் பேசுவது என்றுதான் எங்கள் இளைஞர் கூட்டங்களில் பொதுவாகச் சொல்வார்கள். சீகன்பால்கு பற்றிப் படித்தபோது எனக்கு வேறொன்று தெரிந்தது. 1706 ஜூலை 9-ஆம் தேதி அந்த ஜெர்மானியர் தரங்கம்பாடியில் இறங்கினார். அவருக்கு 24 வயது முடிய ஒரு நாள் பாக்கி. என்னைவிடச் சின்னப் பையன்! திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் தமிழ் எழுதக் கற்றுக்கொண்டார். இரண்டு வருடம் கழித்து அங்கிருந்த டேனிஷ் அதிகாரியே அவரை நான்கு மாதம் சிறையில் வைத்தார். வெளியே வந்தவர் தமிழில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து முடித்தார். 1715-இல் அது அச்சாகி முடிந்தது.

இதைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது அவர் கேட்ட கேள்விகள்தான். அவரும் உடன் ஊழியர் கிருண்ட்லரும் தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பினார்கள்: உங்கள் சாமி யார், உங்கள் வழக்கம் என்ன, எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? வந்த பதில்களில் 99 கடிதங்கள் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாயின. மாடு தின்கிறீர்கள், குடிக்கிறீர்கள், சுத்தமில்லை என்ற ஏச்சும் அவற்றில் இருந்தது. அதையும் அவர்கள் மறைக்காமல் அனுப்பினார்கள்.

எங்கள் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் நண்பன் ஒருவன் வருடா வருடம் காவடி எடுப்பான். ஒருநாள் இரவு ஷிப்ட் முடிந்து மாமாக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது, "நீ ஏன்டா காவடி எடுக்குற?" என்று கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினான். அம்மாவின் நோய், வேண்டுதல், 48 நாள் விரதம், முதுகில் அலகு ஏறும்போது வரும் அமைதி. கடைசியில் அவனே, "சரி, நீ சொல்லு. உனக்கு என்ன?" என்றான்.

நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனாலும் சொன்னேன். "அப்பாவுக்கு வேலை போன வருஷம் வீட்ல யாரும் பேசிக்கல. அப்ப எனக்கு மேல உட்கார்ந்து பார்க்குற கடவுள் வேண்டியிருக்கல. அடிவாங்கினவர் ஒருத்தர் வேண்டியிருந்துச்சு. சிலுவையில அவரைத்தான் பார்த்தேன்." அவ்வளவுதான். அவன் கோப்பையைச் சுழற்றிக்கொண்டே இருந்தான். பிறகு, "அடிவாங்கின சாமி நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் முருகனை விட மாட்டேன்" என்றான்.

அவனும் இயேசுவை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லை என்றால் அது பொய். இருக்கிறது. அவனுக்கும் அது தெரியும். தெரிந்தேதான் மறுநாளும் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டான். மறுப்பைக் கேட்டபிறகும் எழுந்து போகாமல் இருப்பதற்குத்தான் அதிகத் தைரியம் வேண்டியிருக்கிறது.

இன்னொரு தைரியமும் வேண்டும். தமிழர்களின் தெய்வங்களைப் பற்றி சீகன்பால்கு 1713-இல் ஒரு பெரிய நூல் எழுதி அனுப்பினார். அவரை அனுப்பிவைத்தவர்கள் அதை அச்சிட விரும்பவில்லை. 1867-இல்தான் அது புத்தகமாக வந்தது. நண்பனிடம் இயேசுவைப் பற்றிச் சொல்லியாகிவிட்டது. காவடியைப் பற்றி அவன் சொன்னதை இனி என் சபையில் சொல்ல வேண்டும். அங்கேதான் எனக்கு இன்னும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.